மெல்வின் விலகமாட்டார்

"விலகிடுங்க மெல்வின். மாலை போடாத குறையா வழியனுப்புறோம்," என்றாள் லோர்னா.

"நான் போகணும்னா இந்த நாற்காலியோட தூக்கிட்டுப் போகணும்," என்றார் மெல்வின் போய்கோ.

கனடாவின் சஸ்காச்சுவான் கோதுமை உரிமைக் கட்சி பிறந்ததே ஒரு வெளிநடப்பில்தான். ஊருக்கு ரயில் நின்றுபோன கோபத்தில் பெரிய கட்சியை உதறிவிட்டு வந்தவர் மெல்வினின் அப்பா. அதன்பிறகு மாநாட்டுக்கு மாநாடு யாராவது வெளிநடப்புச் செய்ததில், மிச்சமிருப்பவர்களை இப்போது ஒரே வேனில் அடைத்துவிடலாம். அதில் பாதி லோர்னா பக்கம். இன்னொரு எதிர்க்கட்சியோடு இணைந்தால் இந்தத் தொகுதியையாவது ஆளுங்கட்சியிடமிருந்து பிடிக்கலாம் என்பது அவள் வாதம்.

"இணையவே மாட்டோம்." அப்பா விட்டுப்போன சொத்து அந்த ஒரு வாக்கியம்தான். இன்றைய தலைவர் தேர்தலில் லோர்னாவிடம் தோற்றால் அதுவும் போய்விடும்.

மாநாடு, கர்லிங் என்ற பனித்தரை விளையாட்டு அரங்கின் மாடியில். ஆள் சேர்க்க, புது உறுப்பினருக்கு வெண்ணெயில் வதக்கிய பெரோகிக் கொழுக்கட்டை இலவசம் என்று வானொலியில் சொல்லியிருந்தார் மெல்வின். லோர்னாவின் மாமியார் வீடே திரண்டு வந்தது.

"சாப்பிட வந்தீங்களா?"

"ஆமா. அப்படியே ஓட்டும் போட்டுட்டுப் போறோம்."

பனிப்புயல் வருகிறது, பயந்து கிளம்புவார்கள் என்று வாக்கெடுப்பை மாலைக்குத் தள்ளினார். மாடுகளை நினைத்துக் கிளம்பியது அவருடைய ஆட்கள். லோர்னா வீட்டார் இரண்டாவது தட்டோடு உட்கார்ந்துவிட்டார்கள்.

"வாசல்ல எவன் வந்தாலும் உறுப்பினர் அட்டை கொடு. இன்னைக்கே ஓட்டு," என்றார் மெல்வின்.

"கொடுங்க. என் சித்தப்பா வீட்டுக்கும் போன் பண்றேன்," என்று சிரித்தாள் லோர்னா.

சித்தப்பாவுக்கு முன்னால் ஒரு பஸ் வந்தது. பனியைத் தட்டிவிட்டுக்கொண்டு முன்பின் தெரியாதவர்கள் இறங்கி வந்து, வரிசையாக அவர் கையைப் பிடித்தார்கள்.

"நீங்க மட்டும் போயிடாதீங்க," என்று ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எண்ணிப் பார்த்தால் அவருக்கு லோர்னாவைப்போல் மூன்று மடங்கு ஓட்டு. மெல்வின் நாற்காலிமேல் ஏறினார்.

"எங்கப்பா தனியா நின்னார். நானும் நிப்பேன். எவன் கூப்பிட்டாலும் இணையமாட்டோம்."

பஸ்காரர்கள்தான் அதிகமாகக் கைதட்டினார்கள். தட்டிவிட்டுப் போயும் விட்டார்கள்.

லோர்னா கோட்டை மாட்டிக்கொண்டு, வழக்கப்படி, வெளிநடப்புச் செய்தாள்.

"பார்த்தியா நெட்டி? மக்கள் யார் பக்கம்னு?" என்றார் மெல்வின், பாத்திரம் கழுவும் சமையல்காரியிடம்.

நெட்டி கரண்டியை உதறினாள்.

"அவங்க ஆளுங்கட்சிக்காரங்க, தலைவரே. நீங்க இணையாம இருக்கிறவரைக்கும் இந்தத் தொகுதிக்குப் பிரசாரத்துக்கே வரவேண்டாமாம்."