ஒரு புனலும் இரண்டு அலுவலர்களும்

மண்ணில்லாமல் செடி வளர்ப்பதே நாகரிகம் என்று முடிவான காலத்தில், அந்த அலுவலகத்தின் இயக்குநரும் மொட்டை மாடியில் ஒரு தொட்டி வைத்தார். அதிலிருந்து குழாய்களை இழுத்து, குழாய் ஓட்டைகளில் கீரை நாற்றுகளைச் செருகினார். மண் என்றால் அழுக்கு, தண்ணீர் என்றால் அறிவியல் என்பது அவர் கொள்கை.

மண்ணில்லாத செடிக்குச் சாப்பாடும் தண்ணீரில்தான் போக வேண்டும். அதற்காக ஏ, பி என்று இரண்டு பாட்டில் சத்துக் கரைசல் வந்தது. முதலில் ஏ-யைத் தொட்டித் தண்ணீரில் ஊற்றிக் கலக்க வேண்டும். அது நன்றாகக் கலந்த பிறகு பி. இரண்டையும் தண்ணீரில் கலக்குமுன்பே நேருக்கு நேர் சந்திக்க விட்டால், பால் திரிந்ததுபோல வெள்ளையாகத் திரண்டு, சத்தெல்லாம் அடியில் போய் உட்கார்ந்துவிடும். செடி பட்டினி கிடக்கும். வீடாக இருந்தால் ஐந்து நிமிட வேலை. அலுவலகம் என்பதால் பாட்டிலுக்கு ஒருவராக இரண்டு பொறுப்பு அலுவலர்கள் நியமிக்கப்பட்டார்கள்.

நம்மாள் மூத்தவர். இருவரும் வேலையில் சேர்ந்தது ஒரே நாள்தான். இவர் காலையில் கையெழுத்துப் போட்டார். மற்றவர் பஸ் கிடைக்காமல் மதியம் வந்து போட்டார். அந்த அரை நாளை இத்தனை வருடமாக இவர் பொத்திப் பொத்திக் காப்பாற்றி வருகிறார். ஆகவே பாட்டிலைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இவருக்கே வந்தது. தூக்கிப் பார்த்ததில் பி கொஞ்சம் கனமாகத் தெரிந்தது. கனமானதுதான் பெரிய பொறுப்பு என்று அதை எடுத்துக்கொண்டார். அவசரக்குடுக்கை! லேபிளைப் பிறகுதான் படித்தார்.

மாடியில் தொட்டியருகே நின்ற இயக்குநரிடம் நேரே போய் நின்றார். "அவர் ஊத்தி முடிக்கிற வரைக்கும் நான் பாட்டிலைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணுமா சார்?"

"அப்போ பாட்டிலை மாத்திக்குங்க."

"மாத்தினா நான் தப்பா எடுத்த மாதிரி ஆயிடாதா?"

இயக்குநருக்கு அது நியாயமாகவே பட்டது. "சரி, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஊத்துங்க. நீங்க இந்தக் கோடி, அவர் அந்தக் கோடி."

தன் பாட்டிலோடு பின்னாலேயே வந்திருந்த ஏ பாட்டில்காரர் இப்போது வாயைத் திறந்தார். "படியேறி வர்றவங்க கண்ணுல முதல்ல படறது இந்தக் கோடிதான் சார். அங்க யார் நிக்கிறது?"

மூன்று பேரும் படியைத் திரும்பிப் பார்த்தார்கள். உண்மைதான்.

மறுநாள் ஆணை வந்தது: 'அலுவலர்களிடையே சமநிலை பேணும் பொருட்டு, இரு கரைசல்களும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், ஒரே புனலின் வழியாக ஊற்றப்பட வேண்டும்.'

இது தப்பு என்று நம்மாளுக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். வீட்டு பால்கனியில் ஒரு பழைய வாளியில் இதே கரைசலை வைத்து இவரே கீரை வளர்க்கிறார். ஏ-யை ஊற்றுவார், மனைவி குச்சியால் கலக்குவாள், பிறகு பி-யை ஊற்றுவார். செடிகள் மதமதவென்று வளர்ந்து நிற்கின்றன. ஆனால் வீட்டில் யாரும் மதியம் வேலையில் சேரவில்லையே.

அலுவலகக் கீரையோ புனலின் புண்ணியத்தில் மஞ்சளாகி, தலையைத் தொங்கப் போட்டது. அந்த நேரம் பார்த்து ஆணையர் பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது.

"பச்சையா ஏதாவது இருந்தாகணும். இல்லேன்னா ரெண்டு பேருக்கும் கீழ்த்தளத்துல பழைய ஃபைல் ரூம்தான்" என்றார் இயக்குநர். ஜன்னல் இல்லாத அறை அது. போனவர்கள் ஓய்வு பெறும் நாளில்தான் வெளியே வந்தார்கள்.

நம்மாள் வீட்டு வாளியைத் தூக்கினார்.

"பாத்துப் பாத்து வளர்த்தது. இதையும் கொண்டுபோய் அந்த விளங்காத தொட்டியிலயா வைக்கப் போறீங்க?" என்று மனைவி வாசலை மறித்தாள்.

"ரெண்டே நாள். பத்திரமாக் கொண்டாந்துடறேன்."

யாருக்கும் தெரியாமல் தொட்டியைக் கழுவி, தண்ணீர் நிரப்பி, ஏ-யையும் பி-யையும் முறையாக அவர் ஒருவரே கலந்தார். குழாயில் வைத்த செடிகள் ஜம்மென்று நின்றன.

ஆணையர் இலையைத் தடவினார். "பிரமாதம்! எப்படி ஊத்துறீங்க? செஞ்சு காட்டுங்க."

புனல் வந்தது. இரண்டு பாட்டிலும் வந்தன. நம்மாள் குழாயிலிருந்த கீரையைத் திரும்பிப் பார்த்தார். இப்போது ஊற்றினால் தன் செடிகள் ஒரு வாரம் தாங்காது. 'வேணாம் சார்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்ல வாயைத் திறந்தும்விட்டார். அதற்குள் பக்கத்தில் ஏ பாட்டில் லேசாகச் சாய்வது கண்ணில் பட்டது. வாயை மூடிக்கொண்டு தன் பாட்டிலைச் சடாரென்று கவிழ்த்தார்.

புனலிலிருந்து வெள்ளை வெளேரென்று இறங்கியது. "பாத்தீங்களா, பால் மாதிரி எவ்வளவு சத்து!" என்று ஆணையர் பூரித்துப்போய், எல்லாக் கிளைகளிலும் இதே முறையைப் பின்பற்ற அங்கேயே உத்தரவிட்டார். கைதட்டல் பலமாக இருந்தது. படமும் எடுத்தார்கள்.

அடுத்த வாரம் நம்மாள் காலி வாளியோடு வீடு திரும்பினார்.

"செடி எங்கே?" என்றாள் மனைவி.

அவர் பையிலிருந்து படத்தை எடுத்து நீட்டினார். "இங்க பாரு. புனல் கிட்ட நல்லாப் பாரு."

"நான் செடி எங்கேன்னு கேட்டேன்."

"எந்தப் பாட்டில்லேர்ந்து முதல்ல விழுதுன்னு பாரேன்."

அவள் முறைத்தாள். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். படத்தை வெளிச்சத்தில் இப்படியும் அப்படியுமாகத் திருப்பிப் பார்த்தாள். முகத்திலிருந்த கோபம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"ஆமாங்க, நம்மதுதான் முன்னாடி விழுது" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "இதை அவர் பொண்டாட்டி பாத்தாளா?"