பெண் பார்க்கப் போன இடத்தில் ஒரு வாழ்க்கை வரலாறு

சோம்பேறி கையில் அகராதி கிடைத்தால் எழுத்தாளன் ஆகிவிடுவான். நான் ஆனேன்.

யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிற இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றில் அப்போது நான் எழுதிக்கொண்டிருந்தேன். (எழுதுவது என்பது பெரிய வார்த்தை. நான் ஒரு 'க்' போடுவேன். இன்னொருவர் வந்து அதை எடுத்துவிடுவார்.) பிழைப்புக்குத் திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர். அம்மா மட்டும் சொந்தக்காரர்களிடம், "எம் புள்ள உலகத்துக்கே எழுதுறான்" என்று சொல்லி வைத்திருந்தார்.

அந்த நேரத்தில் கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு வரன் வந்தது. பெண் மலர்விழி, பள்ளியில் தமிழ் ஆசிரியை. அப்பா ஓய்வுபெற்ற வேளாண் விஞ்ஞானி. வறட்சி தாங்கும் மல்லாட்டை (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பேர்) விதை ஒன்றை உருவாக்கியவர். குடும்பப் பெருமைக்குச் சாட்சியாக, அவருடைய பணி நிறைவு விழா மலரில் வந்த கட்டுரையைத் தரகர் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். எழுதியவர் பெயர் படத்தில் விழவில்லை.

எனக்கு மின்னல் வெட்டியது. வருங்கால மாமனாருக்குக் கலைக்களஞ்சியத்தில் ஒரு வாழ்க்கை வரலாறு! பெண் வீட்டில் காட்டினால் மறுபேச்சு ஏது?

அடுத்தவர் எழுத்தை அப்படியே போடக் கூடாது, சொந்த நடையில் எழுத வேண்டும் என்பது அங்கே விதி. சொல்லை மாற்றினால் நடையும் மாறிவிடும் என்று நான் நம்பினேன். படத்தைப் பார்த்து அப்படியே தட்டச்சு செய்தேன். ஒரு சொல்லைக் கொடுத்தால் கட்டுரை முழுக்க அதை மாற்றிப் போடும் பொத்தான் இருக்கிறதே, அதைத் தட்டினேன். 'வீடு' இல்லமானது. 'வாசனை' நறுமணமானது. 'எனக்கு' கூட 'கட்டுரையாளருக்கு' ஆனது. மறுபடி படித்துப் பார்க்கவில்லை. (எழுதினவனுக்குத் தெரியாதா, என்ன எழுதினோம் என்று!) பதிப்பித்துவிட்டு வேனில் ஏறிவிட்டேன்.

கீழ்பென்னாத்தூரில் உட்கார்ந்த உடனேயே அம்மா ஆரம்பித்தார். "உங்களப் பத்திதாங்க எழுதியிருக்கான். படிச்சுப் பாருங்க."

பெண்ணின் அப்பா என் போனை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கூடத்திலிருந்த எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார். "அடி அண்ணாபர்வதத்தில் பிறந்து, திருவண்ணாபர்வதத்தில் பயின்று..." நிறுத்தினார். "என்னா தம்பி, இது எந்த ஊரு?"

"பக்கத்துலதாங்க இருக்கும்" என்றார் அம்மா, என்னைக் காப்பாற்றும் வேகத்தில்.

'மலையில்' என்று வந்த இடத்திலெல்லாம் 'பர்வதத்தில்' போடச் சொல்லியிருந்தேன். பொத்தான் ஊர்ப்பேரையும் விட்டுவைக்கவில்லை. தலைக்குச் சிரம் போட்டிருந்தது ஞாபகம் வந்து எனக்கு வியர்த்தது.

"சிரம்மை விஞ்ஞானியாக உயர்ந்து..." என்று தொடர்ந்தார் தலைமை விஞ்ஞானி.

அவர் மனைவி பதறிவிட்டார். "அம்மையா? எப்போங்க போட்டுது? எங்கிட்ட சொல்லவே இல்லியே!"

அவர் கையமர்த்திவிட்டு அடுத்த வரிக்குப் போனார். "கட்டுரையாளருக்குச் சடை பின்னும் தருணத்திலும் விதை குறித்தே உரையாடுவார்."

எல்லோரும் என் தலையைப் பார்த்தார்கள். (அப்போதே முன்பக்கம் கம்மி.)

உள்ளே யாரோ விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம். மலர்விழி தானாகவே வெளியே வந்தார்.

"அது நான் எழுதுன கட்டுரைங்க. எனக்குத்தான் அப்பா சடை பின்னிவிடுவாரு."

"காப்பி இல்லீங்க," என்றேன். "வார்த்தையெல்லாம் மாத்திட்டேன்."

"வார்த்தைய மாத்துனீங்க. நான் எந்த வரிக்கப்புறம் எந்த வரி வச்சேனோ, எங்க நெகிழ்ந்தேனோ, அதே எடத்துல நீங்களும் நெகிழ்ந்திருக்கீங்களே!"

போனைத் திரும்ப வாங்கி, கட்டுரையை அத்தனை பேர் முன்னாலேயே வெறுமையாக்கினேன். பெண் கைவிட்டுப் போனது என்றே நினைத்தேன். அம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்தே விட்டார்.

"உக்காருங்கம்மா," என்றார் மலர்விழி. உள்ளே போய், அவர் அப்பாவின் விதையைப் பற்றி வெவ்வேறு பேர் எழுதிய பழைய விவசாய இதழ்கள் மூன்றைக் கொண்டுவந்தார். "மூணையும் படிங்க. மூடி வச்சுடுங்க. அப்புறம் உங்க வாயால சொல்லுங்க, அப்பா என்ன செஞ்சாருனு."

படித்தேன். மூடினேன். திக்கித் திணறிச் சொன்னேன். முதல் விதைப்பு மொத்தமும் காய்ந்துபோனதை, ஊரே சிரித்ததை, பிழைத்த ஏழெட்டுச் செடியிலிருந்து அவர் மறுபடி தொடங்கியதை. விழா மலரில் இது எதுவுமே இல்லை. பெண்ணின் அப்பா தலையைக் குனிந்து மல்லாட்டை உரித்துக்கொண்டே கேட்டார்.

"பொண்ணு பாக்க வந்தமா, பரீட்சை எழுத வந்தமா?" என்று அம்மா என் காதில் கேட்டார்.

பாஸ் ஆகிவிட்டேன். எப்படிச் சம்மதித்தாய் என்று பிற்பாடு கேட்டதற்கு, "தப்புன்னு தெரிஞ்சதும் மழுப்பாம அழிச்சீங்க இல்ல, அதுக்கு" என்றாள். புதுக் கட்டுரை முன்னதில் கால்வாசிதான். ஆனால் என்னுடையது, மூன்று சான்றுகளோடு இன்றும் இருக்கிறது.

கல்யாணத்தன்று மச்சான் வைத்த பிளக்ஸ் பேனரில், 'திருவண்ணாபர்வதத்து மாப்பிள்ளையே வருக!' என்று ஆளுயர எழுத்து. அதோடு முடியவில்லை. போன பௌர்ணமி கிரிவலத்தன்று மாமனார் போன் செய்தார்.

"மாப்ள, பர்வதத்துல கூட்டம் ஜாஸ்தியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்த மலர்விழி குரல் கொடுத்தாள். "இருங்கப்பா, அவசரப்படுத்தாதீங்க. சொந்தமா யோசிச்சுச் சொல்லட்டும்!"