ஆதிமூலம் பிள்ளைக்குக் கண் திறந்தேன்

அசையாமல் இருக்கச் சொன்னால் அசையாமல் இருக்கிற மனிதர் உயிரோடிருப்பவர்களில் கிடையாது. நாற்பது வருஷம் கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு நின்றவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். மூன்று எண்ணுவதற்குள் ஒருவர் மூக்கைச் சொறிவார், இன்னொருவர் "ஆச்சா?" என்பார், மடியில் இருக்கும் குழந்தைக்குப் படத்தில் இரண்டு தலை வந்துவிடும். செத்தவர்களால் இந்தத் தொந்தரவு இல்லை. ஆனால் அவர்களிடம் வேறொரு சங்கடம் உண்டு. கண் மூடியிருக்கும்.

இன்றைய பிள்ளைகளுக்கு இது விளங்காது. ஐரோப்பாவில் முதல் மகாயுத்தம் தொடங்குவதற்கு ஓரிரு வருஷம் முன்பு, எங்கள் திருநெல்வேலிச் சீமையில் படம் எடுத்துக்கொண்டால் ஆயுசு குறைந்துவிடும் என்று பயந்தவர்கள் ஏராளம். வசதியான குடும்பத்துப் பெரியவர்கள் வாழ்நாள் முழுவதும் கேமராவுக்கு முகத்தைக் காட்டாமல் தப்பித்துவிடுவார்கள். குறைவதற்கு ஆயுசு பாக்கியில்லை என்று ஆன பிறகுதான் வீட்டார் எங்களுக்கு ஆள் அனுப்புவார்கள். குளிப்பாட்டி, திருநீறு பூசி, நாற்காலியில் சாய்த்து, விழாமல் மார்போடு ஒரு துண்டைக் கட்டி வைத்திருப்பார்கள். நாங்கள் போய்ப் படம் பிடித்து, அதில் கண் திறந்திருப்பதுபோலத் தீட்டிக் கொடுக்க வேண்டும். தொழிலில் இதற்குக் 'கண் திறப்பது' என்று பெயர். பதினாறாம் நாள் காரியத்தன்று அந்தப் படம் மாலையோடு கூடத்தில் இருந்தாக வேண்டும்.

எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூடத்தில் மெட்ரிகுலேஷன் வரை படித்திருந்தேன். உபதேசியாரான என் தகப்பனார் நான் வாத்தியாராக வேண்டுமென்று ஜெபித்துக்கொண்டிருந்தார். நான் அதே ஆண்டவரிடம் வேண்டாமென்று ஜெபித்துக்கொண்டிருந்தேன். என் ஜெபம் கேட்கப்பட்டு, டவுனில் ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்து, கூரையில் வடக்குப் பக்கம் வெளிச்சத்துக்காக ஓடுகளை எடுத்துவிட்டுக் கண்ணாடி பதித்து, படம் பிடிக்கும் கடை போட்டு உட்கார்ந்திருந்தேன். (மழைக்கு அந்தக் கண்ணாடி ஒழுகும். எத்தனை இடத்தில் என்று எனக்குத் தெரியும். எண்ணுவது என் சுபாவம். பூட்டிய பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்க்காமல் படியிறங்க மாட்டேன்.)

ஒரு நாள் காலையில் ஸ்ரீவைகுண்டத்துப் பக்கத்திலிருந்து வில்வண்டியோடு ஆள் வந்தான். ஆற்றுப் பாசனத்தில் பாதி ஊருக்குச் சொந்தக்காரரான ஆதிமூலம் பிள்ளை விடியற்காலையில் காலமாகிவிட்டார். உடனே புறப்பட வேண்டும். நான் கேமரா, முக்காலி, கறுப்புத் துணி, ஆறு கண்ணாடித் தட்டுகள் ஆகியவற்றை ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். அந்தக் காலத்தில் படம் விழுவது மருந்து பூசிய கண்ணாடித் தட்டில்தான். வண்டி ஒரு குழியில் இறங்கினால் என் உயிர் ஒரு தரம் இறங்கும். ஒவ்வொரு குழிக்கும் பெட்டியைத் திறக்காமல் வெளியே தடவித் தடவி எண்ணினேன்.

வண்டிக்காரன் திரும்பிப் பார்த்தான். "அண்ணாச்சி, எத்தனை தரம் எண்ணுவீரு? பெட்டிக்குக் காலா முளைச்சிருக்கு, இறங்கிப் போவதுக்கு?"

அந்த வீட்டு முற்றத்தில் பெரியவரை நாற்காலியில் வைத்திருந்தார்கள். சுற்றிலும் பெண்கள் மாரடித்து அழுதுகொண்டிருந்தார்கள். மூத்த மகன் சங்கரலிங்கம் பிள்ளை என்னை ஓரமாக அழைத்துப் போனார்.

"இந்தாரும் வே, சொல்லுததைக் கேட்டுக்கிடும். போன வருசம் எங்க மாமாவுக்கு நீரு திறந்து குடுத்தது அவரு கண்ணே இல்ல. ஏதோ ஆட்டுக்குட்டி பாக்குத மாதிரி இருக்கு. அப்பாவுக்கு அவுக கண்ணுதான் வேணும். அம்மைக்குப் பாக்கதுக்கு இனி இது ஒண்ணுதான் உண்டு. தெரியுதா?"

தெரிந்தது. ஆட்டுக்குட்டிக் கண்ணை வைத்தது நானல்ல. நான் எடுத்த படத்தைத் தீட்டுவதற்கு மதுரையில் ஒரு ஓவியருக்கு அனுப்பியிருந்தேன், சீமை முழுவதும் செத்த அத்தனை பேருக்கும் அவர் வைப்பது அதே கண்தான். அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. "இந்தத் தடவை நானே திறக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். அதுவரை நான் யாருக்கும் கண் திறந்ததில்லை.

பதற்றத்தில் நாக்குப் பழக்கப்பட்ட வழியில் ஓடும். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, தட்டைச் செருகி, லென்ஸ் மூடியில் கை வைத்துக்கொண்டு, நாற்காலியில் இருந்த பெரியவரைப் பார்த்து வழக்கம்போல உரக்கச் சொன்னேன்: "ஐயா, அசையாதீங்க. மூச்சைக் கொஞ்சம் அடக்கிக்கிடுங்க."

முற்றத்தில் அழுகை சட்டென்று நின்றது. பின்னால் ஒரு கிழவர் நிதானமாகச் சொன்னார்: "அவுக அடக்கி நேரமாச்சு தம்பி. நீ எடு."

ஒரு நன்மை என்னவென்றால், அந்த அமைதியில் யாரும் அசையவில்லை. அந்தத் தட்டு ஒன்றுதான் நன்றாக விழுந்தது. மற்றவற்றில் இரண்டில் அழுகிறவர்களின் கைகள் பெரியவர் முகத்துக்குக் குறுக்கே புகைபோல ஓடின. ஒன்று வழியிலேயே விரிசல் விட்டிருந்தது. மிச்சம் இரண்டையும் நான் திரும்பி வரும்போது மடியில் வைத்துப் பத்திரப்படுத்தியதில் உடைத்தேன்.

ஆக, ஒரு தட்டு. அதிலே கண் மூடிய ஒரு முகம். மூக்கு, மீசை, காது எல்லாம் அவருடையவை. கண் மட்டும் என் பொறுப்பு. அவர் எப்படிப் பார்ப்பார் என்று எனக்கு எப்படித் தெரியும்? இரண்டு நாள் தூக்கமில்லாமல் கிடந்துவிட்டு மறுபடி வண்டி பிடித்துப் போனேன்.

"அப்பாவின் கண் எப்படி இருக்கும்?" என்று சங்கரலிங்கம் பிள்ளையிடம் கேட்டேன்.

அவர் நாற்பது வயது மனிதர். முகம் பையப் பைய வாடியது. "அப்பா முன்னால நின்னு முகத்தை எங்க பாத்தோம்? தலையக் குனிஞ்சுல்லா நிப்போம். காலைக் கேளும், சொல்லுதேன். வலது கால் பெருவிரல் நகம் கறுத்திருக்கும்."

"பெரும்பாலும் எப்படிப் பார்ப்பார் என்று சொன்னால் போதும்."

"முறைச்சுத்தான். அது தெரியும். முறைக்குதாகன்னு தெரிஞ்ச உடனே கீழ பாத்துருவோம்."

இளைய மகனுக்கும் காலே தெரிந்தது. கணக்குப்பிள்ளைக்குச் செருப்பு தெரிந்தது. குத்தகைக்காரர்களுக்கு அவர் நிழல் விழுகிற தூரம் தெரிந்தது. அறுபத்தெட்டு வருஷம் அந்த ஊரில் வாழ்ந்த மனிதரை யாரும் முகத்துக்கு நேரே பார்த்திருக்கவில்லை. கடைசியில் கணக்குப்பிள்ளை என் காதருகே வந்து, "எதிர்த்த வீட்டுக்குப் போயிக் கேளும். நான் சொன்னேன்னு சொல்லாதேயும்" என்றார்.

எதிர்த்த வீட்டில் இருந்தவர் கோமதிநாயகம் பிள்ளை. இறந்தவருக்குப் பங்காளி முறை. ஒரு நஞ்சை வரப்புக்காக அவரோடு பதினோரு வருஷமாக வழக்கு நடத்திவருபவர். சாவு விசாரிக்கிற துட்டிக்குக்கூட அந்த வீட்டுப் படி ஏறாதவர். நான் வந்த விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது.

"அவன் கண்ணா? உக்காரும் வே. என்னைய மாதிரி அதைப் பாத்தவன் எவன் இருக்கான்? கோர்ட்டுல எதிர எதிர உக்காந்து பாத்த கண்ணுல்லா. எழுதிக்கிடும். புருவம் ரெண்டும் நடுவுல முட்டும். இங்கன ரெண்டு கோடு விழும். இடது கண்ணு இடுங்கி, வலது கண்ணு ஊசி மாதிரி நிக்கும். வழக்குக்கு முந்தி ஒரு நாள் கோயில் பிரகாரத்துல அந்தக் கடைசியில நின்னான். நான் இந்தக் கடைசியில நின்னு சிரிச்சேன். இப்படிப் பாத்தான் பாரும்." அவர் பார்த்துக் காட்டினார். நான் அரையடி பின்னால் நகர்ந்தேன். "ஒரு சிரிப்பு இல்ல. மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போயிட்டான். பிறகு நான் ஏன் வரப்பை விட்டுக்குடுக்கணும்?"

அவரை அப்படியே பார்க்கச் சொல்லிக் காகிதத்தில் வரைந்துகொண்டேன். இத்தனை தெளிவாக யாரும் எனக்கு எதையும் சொன்னதில்லை.

அடுத்து நான் செய்த காரியத்துக்கும் என் பயம்தான் காரணம். அவர்கள் மூன்று பிரதிகள் கேட்டிருந்தார்கள். வீட்டுக்கு ஒன்று, மகள்களுக்கு இரண்டு. தாளில் தீட்டினால் மூன்று படத்தில் மூன்று கண் வந்துவிடுமே, சம்பந்தக்காரர்கள் ஒப்பிட்டுப் பார்ப்பார்களே என்று கலங்கி, தட்டிலேயே கண்ணைத் திறந்துவிட்டேன். தட்டில் கத்தியால் சுரண்டினால் தாளில் கறுப்பாக விழும். புருவத்தையும் கோடுகளையும் கண்மணியையும் சுரண்டினேன். சுரண்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

பதினாறாம் நாள் கூடம் நிறைய உறவினர். படத்தை மேசைமேல் வைத்துத் துணியை எடுத்தார்கள். முன்வரிசையில் மடித்துக் கட்டியிருந்த வேட்டிகளெல்லாம் ஒரே நேரத்தில் இறங்கின. சங்கரலிங்கம் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். வாசல் பக்கம் உட்கார்ந்திருந்த குத்தகைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். பந்திக்கு வாழையிலை நறுக்கிக்கொண்டிருந்தவர், யாரும் கேட்காமலே, "இதோ ஆயிருச்சு" என்றார்.

என் மனம் அன்று நிறைந்ததுபோல அதற்கு முன்பு நிறைந்ததில்லை. அது எத்தனை நேரம் நிறைந்திருந்தது என்றால், படத்தை உள்ளறைக்கு எடுத்துப் போகிற வரைக்கும்.

உள்ளறைக் கதவோரம் இறந்தவரின் மனைவி உட்கார்ந்திருந்தார். எல்லாரும் ஆச்சி என்று அழைக்கும் மெலிந்த அம்மாள். படத்தை வாங்கி மடியில் நிறுத்தி வைத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அவுக எதுக்கு என்னைய இப்படிப் பாக்காக?" என்று கேட்டார். "நான் என்ன செஞ்சேன்?"

அவர் படத்தைச் சுவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

சங்கரலிங்கம் பிள்ளை என் பக்கம் திரும்பினார். "வேற கண்ணு வையும்."

"முடியாதுங்க. தட்டில் சுரண்டியாகிவிட்டது."

"வேற தட்டு?"

"இல்லைங்க."

"அப்ப பெரியவரைத் திரும்ப நாற்காலியில உக்கார வைக்கணுமோ?" என்றார் ஒரு மைத்துனர். "வேதக்காரத் தம்பி, உங்க புஸ்தகத்துல செத்தவனை எழுப்புவாகல்லா. கொஞ்சம் எழுப்பிக் குடுத்துட்டுப் போறது."

நான் கூடத்துத் தரையில் பதித்திருந்த கற்களை எண்ணினேன். எண்ணிக்கை தவறியது. என் வாழ்க்கையில் எண்ணிக்கை தவறியது அன்று ஒரு நாள்தான். அந்த அம்மாளுக்கு மிச்சமிருந்த ஒரே முகத்தைக் கத்தியால் சுரண்டிக் கெடுத்தவன் நான் என்பது மட்டும் தலைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது.

"தம்பி, இங்கன வா." ஆச்சி கூப்பிட்டார். "இந்தக் கண்ணை உனக்கு யாருய்யா சொன்னது?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. "எதிர்த்த வீட்டு ஐயா."

கூடம் கொந்தளித்தது. எதிரி சொல்லிக் கண் வைத்தானா என்று நாலு பேர் என்னை நோக்கி வந்தார்கள். ஆச்சி கையைத் தூக்கினார்; நின்றார்கள்.

"இவுக எதிர்த்த வீட்டுக்காரரை அப்படித்தான் பாத்திருப்பாக. தூரத்துல நின்னா எல்லாரையும் அப்படித்தான் பாப்பாக." ஆச்சி மகன்களைப் பார்த்தார். "உங்க அப்பாவுக்குக் கண்ணு தெரியாதுலே. பத்தடிக்கு அங்கிட்டு நிக்கது ஆளா தூணான்னு விளங்காது. இடுக்கி இடுக்கிப் பாப்பாக. அதைப் பாத்து நீங்க எல்லாம் முறைக்குதாகன்னு ஓடுவீங்க. நான் கிட்டக்க போகும்போது செம்பைத் தட்டிக்கிட்டே போவேன், வாறது நான்தான்னு தெரியட்டும்னு."

சங்கரலிங்கம் பிள்ளை அம்மையின் அருகே தரையில் உட்கார்ந்தார்.

"மூக்குக்கண்ணாடி போடுங்கன்னு எத்தனை வருசம் சொல்லியிருப்பேன். பண்ணையாரு கண்ணாடி போட்டா ஊரு மதிக்காதுன்னுட்டாக." ஆச்சி படத்தைத் தன் பக்கம் திருப்பினார். "யய்யா, இதுல ஒரு மூக்குக்கண்ணாடி வரைஞ்சு குடேன். இப்ப மாட்டேன்னு சொல்ல முடியாதுல்லா."

கணக்குப்பிள்ளை தம் கண்ணாடியைக் கழற்றி மாதிரிக்குக் கொடுத்தார். மையும் மெல்லிய தூரிகையும் என் பையில் இருந்தன. ஊரே தலைக்குமேல் நின்று பார்க்க, இரண்டு வட்டமும் ஒரு பாலமும் இரண்டு கம்பியும் வரைந்தேன். இடது வட்டம் சற்றுப் பெரிதாகப் போய்விட்டது. ஆனால் ஒரு அதிசயம் நடந்தது. கண்ணாடி ஏறியதும் முறைப்பு போய்விட்டது. அதே புருவம், அதே கோடு. ஆனால் அங்கே இப்போது, ஒரு பொடி எழுத்துப் பத்திரத்தைச் சிரமப்பட்டு வாசிக்கிற ஒரு வயதானவர் உட்கார்ந்திருந்தார்.

ஆச்சி படத்தை வாங்கிப் பார்த்தார். "சரி," என்றார். "இப்ப அவுகளுக்கு என்னைத் தெரியும்."

வெளியே வந்தபோது கோமதிநாயகம் பிள்ளை தம் வாசலில் காத்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டார்: "அப்ப கோயில்ல நான் சிரிச்சது?"

"தெரிந்திருக்காதுங்க."

"பதினோரு வருசம்வே," என்றார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மறுவாரம் அவர் ஆச்சியைத் துட்டி கேட்கப் போனதாகவும், படத்தின் முன்னால் நின்று ஒரு தரம் சிரித்துப் பார்த்ததாகவும் வண்டிக்காரன் சொன்னான். வழக்கு மட்டும் தொடர்ந்து நடந்தது. வக்கீல்கள் சம்மதிக்கவில்லையாம்.

இந்தக் கதை ஆற்றோரம் முழுவதும் பரவி, நான் போகுமிடமெல்லாம் எனக்கு முன்னால் போய் நின்றது. பெண் பார்க்கப் போன வீட்டிலும் நின்றது. அங்கே காப்பி கொண்டுவந்த பெண் தட்டில் தம்ளரைத் தட்டிக்கொண்டே வந்தபோது கூடமே சிரித்தது. நான் அவளையே கட்டிக்கொண்டேன். இன்றைக்கும் நான் உப்பில்லை, சாவி காணோம், பேரன் பூட்டைச் சரியாகப் பூட்டவில்லை என்று குரலை உயர்த்தினால் அவள் அடுக்களையிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்வாள்:

"முதல்ல கண்ணாடியப் போடுங்க. அதுக்குப் பிறகும் கோவம் இருந்தா வாங்க."

பெரும்பாலும் இருப்பதில்லை.