வலது சக்கரத்துக்கு எண்ணெய்க் குளியல்

கடலோரத்தில் இருபது வருடம் குடியிருந்தவனுக்கு ஒரு வியாதி வந்துவிடும். இரும்பைக் கண்டால் கை எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடும். எங்கள் நெம்மேலிப் பக்கத்து உப்புக்காற்று அப்படி. புதுக் கேட் மாட்டி மூன்று மாதத்தில் கீல் கத்தும். சைக்கிளை வெளியே விட்டால் செயின் செங்கல் நிறத்துக்குப் போய்விடும். நான் பத்தாவது வரை படித்தவன். ஒரு கடற்கரை விடுதியில் பம்பு ஆபரேட்டர். மோட்டாரைப் போட்டு அணைக்கிற நேரம் போக, மீதி நேரமெல்லாம் ஒரு பழைய பெயிண்ட் பிரஷ்ஷை எண்ணெயில் தோய்த்து போல்ட், வால்வு, கீல் என்று தடவிக்கொண்டே இருப்பேன். (என் மனைவி சொல்வாள்: "உன்ன வுட்டா என் மெட்டிக்கும் தடவுவ.")

இன்னொரு வியாதியும் உண்டு. எனக்கு வாய் வராது. பஸ்ஸில் நம் ஸ்டாப்பிங் வந்தால் "எறங்கணும்" என்று கத்தக் கூச்சப்பட்டு, அடுத்த ஸ்டாப்பிங்கில் இறங்கி நடந்து வருகிற ரகம். இந்த இரண்டு வியாதியும் ஒரே நாளில் கூட்டுச் சேர்ந்த கதை இது. எங்கள் குடும்பத்தில் இதை ஏற்கெனவே எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நான் மட்டும்தான் இதுவரை சொன்னதில்லை.

என் அக்காவின் கணவர் தனசேகர் மாமா. ஊர் அச்சரப்பாக்கம். ஒரு பழைய வெள்ளைக் காரை ஆசையாக வாங்கினார். நான்கே மாதத்தில் வளைகுடாவில் வேலை கிடைத்துவிட்டது. அவர் வீடு இருக்கும் சந்தில் ஆட்டோவே மூச்சு முட்டும். காரை எங்கே விடுவது? என் வீட்டில் காம்பவுண்டு உண்டு, என்னிடம் லைசென்ஸ் உண்டு. கொண்டுவந்து சுவரை ஒட்டி நிறுத்திவிட்டு, சாவியை என் கையில் வைத்தார். எங்கள் குடும்பத்தில் என்னை நம்பி அதுவரை யாரும் ஒரு குடையைக்கூடக் கொடுத்ததில்லை.

"மச்சான், வாரத்துக்கு ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணு. ஓட்டணும்னு இல்ல. உங்க ஊரு காத்து கெட்ட காத்து. துரு புடிக்காம பாத்துக்கோ, அது போதும்."

மாமா கவலையே படவேண்டியதில்லை. துருவை எதிர்த்துப் போராடவே பிறந்தவனிடம் அல்லவா சொல்லியிருக்கிறார்!

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வண்டியைக் கிளப்பி, கால் மணி நேரம் உறும விட்டு, அணைப்பேன். பிறகு துடைப்பேன். இரண்டாவது வாரமே அதைப் பார்த்துவிட்டேன். முன் சக்கரத்தின் இடுக்கு வழியே உள்ளே ஒரு வட்டத் தகடு தெரிந்தது. பளபளவென்று இருந்த அது செம்மண் நிறத்துக்கு மாறியிருந்தது. உள்ளே ஓடிப்போய்ச் செக்கில் ஆட்டிய நல்ல தேங்காய் எண்ணெயைக் கொண்டுவந்து, பிரஷ்ஷை இடுக்கில் நுழைத்து, தகடு மினுமினுக்கிற வரை தடவினேன். வலது சக்கரத்துக்கு மட்டும்தான். இடது பக்கம் சுவர். அந்த இடைவெளியில் பூனை போகும், நான் போகமாட்டேன். எட்டு மாதம், வாரம் தவறாமல், அந்த வலது சக்கரத்துக்கு எண்ணெய்க் குளியல் நடந்தது.

(அந்தத் தகட்டைப் பிடித்துத்தான் வண்டி நிற்கிறது என்று தெரியாதா என்பீர்கள். கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், பிரேக் என்றால் காலடியில் இருக்கிற மிதி என்றுதான் சொன்னார். அது மறுமுனையில் எங்கே போய் முடிகிறது என்று அவர் சொல்லவில்லை. கேட்க எனக்குக் கூச்சம்.)

ஐப்பசி அடைமழை நாளில் மாமாவின் அம்மா இறந்துபோனார். எனக்கு அத்தை முறை. அக்கா போனில் அழுதுகொண்டே சொன்னாள்.

"ஏழுமல, மாமா பிளேன்ல வந்துகினு கீறாரு. எறங்கி, ட்ரெயின் புடிச்சி மத்தியானம் செங்கல்பட்டு வந்துடுவாரு. நீ காரோட போயி நில்லு. நாலு மணிக்கு எடுக்கறாங்க. ஒரே புள்ளடா அவரு. அவருதான் கொள்ளி வெக்கணும்."

விமான நிலையத்துக்கே போ என்று யாரும் சொல்லவில்லை. நான் தாம்பரம் பக்கத்து நெரிசலில் ஓட்டமாட்டேன் என்பது குடும்பத்துக்கே தெரிந்த விஷயம்.

எட்டு மாதத்தில் முதல் முறையாக வண்டியைத் தெருவில் இறக்கினேன். ஊர் எல்லையில் வேகத்தடை. பிரேக்கை மிதித்தேன். வண்டி நிற்பதற்குப் பதிலாக, யாரோ காதைப் பிடித்துத் திருகியதுபோல இடது பக்கம் திரும்பி, ரோட்டோர இளநீர் வண்டியைப் பார்த்துப் போனது. ஒரு சாண் இடைவெளியில் நின்றது.

"யோவ்! எளநி வேணும்னா எறங்கி வந்து கேளுய்யா!" என்றார் இளநீர்க்காரர்.

திருக்கழுக்குன்றத்துக்குள் இதே போல இன்னும் நான்கு முறை. டீக்கடையில் நின்ற ஒருவர், "லெஃப்ட் டயர்ல காத்து கம்மியா கீது" என்றார். காற்றுப் பிடித்தேன். அப்படியேதான் இழுத்தது. இன்னொருவர், "அலைன்மென்ட் போயிருச்சி அண்ணாத்த" என்றார். அத்தை போன துக்கம் வண்டிக்கும் இருக்கும் என்றுகூட எனக்கு ஒரு நிமிடம் தோன்றியது.

செங்கல்பட்டு ஸ்டேஷன் வாசலில் மாமா நின்றிருந்தார். இரண்டு நாள் தாடி, ஒரு பெட்டி, சிவந்த கண். "போலாம் மச்சான்" என்றார். வண்டி இழுப்பதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே பாலாற்றுப் பாலம் வரை போய்விட்டேன். முன்னே போன லாரி திடீரென்று மெதுவானது. மிதித்தேன். கார் பாலத்துக் கைப்பிடிச் சுவரை நோக்கி ஆசையாகப் போனது. கீழே பாலாற்றில் அந்த வருடம் தண்ணீர் வேறு.

வண்டி நின்ற பிறகு மாமா மெதுவாகக் கேட்டார்: "மச்சான், அம்மா கூடவே என்னையும் அனுப்பிடலாம்னு பாக்கறியா?"

அவர் சிரிக்கவில்லை. பாலம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு மெக்கானிக் கொட்டகை இருந்தது. உருட்டிக்கொண்டுபோய் நிறுத்தினேன்.

மெக்கானிக் பெயர் டேவிட். ஒல்லியான மனிதர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, தானே ஏறி ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"பிரேக் புடிக்காதப்ப நேரா போவுது. அப்ப அலைன்மென்ட் இல்ல. காத்தும் செரியா கீது. புடிச்சா மட்டும் லெஃப்ட்ல இஸ்துகினு போவுது. எல்லாம் லெஃப்ட்லதான் கோளாறும்பானுங்க. லெஃப்டு ஒயுங்கா வேல செய்யுது சார். ரைட்டுதான் சோம்பேறி."

வலது சக்கரத்தைக் கழற்றினார். தகட்டில் விரலை வைத்து எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"எண்ணெ! இங்க எப்படி எண்ணெ வந்துச்சி?"

அந்த இடத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. மூன்று சொல் போதும்: "நான்தான் தடவினேன் அண்ணாத்த." வாய் திறந்தேன். அதே நேரம் மாமாவின் போன் அடித்தது. அவருடைய பெரியப்பா. குரல் கொட்டகை முழுக்கக் கேட்டது.

"எங்கடா கீறீங்க? மானம் இருட்டிகினு வர்து. வெறகு நனஞ்சிடும். நாலு மணிக்கு மேல தாங்காது. நீ வரலன்னா ரமேஷ மொட்ட அடிச்சி கொள்ளி வெக்கச் சொல்லிடுவோம், ஆமா!"

ரமேஷ் மாமாவுக்குப் பங்காளி வழித் தம்பி. செல்போன் கடையில் வேலை. தோள் வரை முடி வளர்த்து, அதற்காகவே உயிர் வாழ்பவன்.

மாமா தன் பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டார். என் வாய் மூடிக்கொண்டது.

டேவிட் தேட ஆரம்பித்தார். பிரேக் ஆயில்தான் எங்கோ ஒழுகுகிறது என்று அவர் முடிவு. குழாயைத் தடவினார். காய்ந்திருந்தது. வண்டிக்கு அடியில் படுத்தார். டார்ச் அடித்தார். "ஏம்பா, மிதி" என்றார். மிதித்தேன். "வுடு" என்றார். விட்டேன். எங்கும் ஒழுகவில்லை. ரோட்டில் மதுராந்தகம் பஸ் ஒன்று மெதுவாகப் போனது.

"நான் பஸ்ஸப் புடிச்சிப் போயிடட்டுமா?" என்று மாமா எழுந்தார்.

"அஞ்சே நிமிஷம் சார், கண்டுபுடிச்சிட்டேன்" என்றார் அடியிலிருந்து டேவிட். மாமா உட்கார்ந்தார். பஸ் போய்விட்டது.

நான் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நிமிடமும் சொல்லியிருக்கலாம். சொல்லாத ஒவ்வொரு நிமிடமும் அடுத்த நிமிடத்தில் சொல்வதை இன்னும் கஷ்டமாக்கியது. "இதை ஏன் அப்பவே சொல்லல?" என்று கேட்டால் என்ன பதில்? ஆகவே கையில் ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு, நானும் கவலையாக அந்த ஒழுகலைத் தேடுவதுபோலக் குனிந்து நின்றேன். இருபது நிமிடம்.

கடைசியில் டேவிட் எழுந்து, விரலை மூக்கருகே கொண்டுபோனார். இன்னொரு முறை மோந்தார்.

"யோவ், இது தேங்கா எண்ணெய்யா! எவன்யா பிரேக்குக்குத் தல வாரிவுட்டது?"

நான்தான் என்று தலையை ஆட்டினேன். துரு என்றேன். வெள்ளிக்கிழமை என்றேன்.

"அப்ப லெஃப்ட்டுக்கு?"

"அந்தப் பக்கம் செவுரு."

டேவிட் என்னை வெகுநேரம் பார்த்தார். (முப்பது வருட அனுபவத்தில் பார்க்காததைப் பார்த்துவிட்டவரின் பார்வை.) மாமா போனை எடுத்து மணி பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு ரோட்டைப் பார்த்தார்.

பிரேக் கட்டை எண்ணெயை அப்பளம்போலக் குடித்திருந்தது. மாற்றவேண்டும், புதுசு செங்கல்பட்டிலிருந்து வரவேண்டும் என்றார் டேவிட். நேரமில்லை. பெட்ரோலில் தகட்டைக் கழுவி, கட்டையை உப்புத்தாளால் தேய்த்து மாட்டினார். "கொஞ்சம் லெஃப்ட்ல இஸ்க்கும். அம்பதுக்கு மேல போவாத" என்றார்.

ஐம்பதுக்குக் கீழேயே போனோம். டிராக்டர்களெல்லாம் எங்களை முந்திப்போயின. மதுராந்தகம் தாண்டும்போது மழை தூறியது. அக்கா போன் செய்தாள். எடுத்துவிட்டார்கள், நேராகச் சுடுகாட்டுக்கே வாருங்கள் என்றாள். மாமா கடைசியாக அம்மாவைப் பார்த்தது எட்டு மாதத்துக்கு முன் அந்த வீட்டு வாசலில். அந்த வாசலில் இனி அவர் அம்மா இல்லை. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஏரிக்கரைச் சுடுகாட்டில் சிதை அடுக்கி, முகத்தை மட்டும் மூடாமல் வைத்திருந்தார்கள். ஓரமாக, கல்லின்மேல் ரமேஷ் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். முடி திருத்துபவர் வலது பாதியை வழித்து முடித்திருந்தார். நான் பிரேக்கை மிதித்தேன். ஈர மண். வண்டி பழைய பழக்கம் மறவாமல் இடது பக்கம், நேராக அந்தக் கல்லை நோக்கிப் போனது. முடி திருத்துபவர் கத்தியோடு ஒரு பக்கம் குதித்தார். ரமேஷ் ஒரு பக்கம் குதித்தான். பெரியப்பா, "எமனே கார்ல வந்துட்டான்டா!" என்று அலறினார்.

வண்டி நின்றது. மாமா இறங்கி ஓடினார். அம்மாவின் முகத்தைத் தொட்டார். வெகுநேரம் கையை எடுக்கவில்லை. பிறகு வந்து மொட்டைக்காகக் கல்லில் உட்கார்ந்தார்.

"இந்தத் தம்பிய இன்னா பண்றது?" என்று கேட்டார் முடி திருத்துபவர்.

எல்லோரும் ரமேஷைப் பார்த்தார்கள். ஒரு பக்கம் மழையில் மின்னும் மண்டை, மறுபக்கம் தோள் வரை கூந்தல். மாமாவும் பார்த்தார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். பக்கத்தில் நின்ற எனக்குத்தான் தெரியும், முதலில் வந்தது சிரிப்பு. பாதி வழியில்தான் அது அழுகையானது. பிறகு நிற்கவே இல்லை.

கொள்ளி அவர்தான் வைத்தார்.

இப்போது எந்த விசேஷத்திலும் இந்தக் கதை உண்டு. என்னைக் கண்டால் ரமேஷ் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொள்வான். சாப்பாட்டுப் பந்தியில் யாராவது அப்பளத்தில் எண்ணெய் அதிகம் என்றால் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பும். நன்றாகச் சொல்பவர் மாமாதான். இளநீர்க்காரர், பாலம், டேவிட் மோந்து பார்த்தது, எல்லாம் நடித்துக் காட்டுவார். அந்த இருபது நிமிடம் மட்டும் அவர் கதையில் வராது. "டேவிட் சக்கரத்தக் கயட்டினான், மோந்தான், கண்டுபுடிச்சிட்டான், கெளம்பிட்டோம்" என்பார். அந்த இடத்தில் மட்டும் என்னைப் பார்க்கமாட்டார்.

போன முறை விடுமுறை முடிந்து கிளம்பும்போது, காரை மறுபடி என் வீட்டில்தான் விட்டார். இந்த முறை நடு வாசலில், நாலு பக்கமும் இடம் விட்டு. வீடு நிறையச் சொந்தக்காரர்கள். சாவியை என் கையில் வைத்து, கையை விடாமல் சொன்னார்:

"துரு புடிச்சா புடிக்கட்டும் மச்சான். எதனா பண்ணிட்டன்னா மட்டும், ஒடனே சொல்லிடு."

"சொல்லிடறேன் மாமா" என்றேன்.

வீடே சிரித்தது. எண்ணெய்க்காகத்தான் சிரித்தார்கள்.