முக்காட்டுக்குச் செய்த சத்தியம்

வானத்துக்கே ராஜா நான். இடியைக் கையில் வைத்திருப்பவன். பெயர் ஜீயஸ். இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதையைக் கேட்ட பிறகு சொன்னால் நம்பமாட்டீர்கள்.

என் பெண்டாட்டி ஹீரா கோபித்துக்கொண்டு யூபோயா தீவுக்குப் போய்விட்டாள். காரணம் அற்பம். ஒரு பெண்ணைப் பார்க்க நான் எருதாக மாறிப் போனேன். கடற்கரையில் சும்மா இரண்டு நடை. அதற்குப் போய் மூட்டை கட்டுவாளா? கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாள்:

"இனிமே உன் பேச்சை மீறமாட்டேன்னு ஸ்டிக்ஸ் ஆத்து மேல சத்தியம் பண்ணுங்க. அப்பத்தான் வருவேன்."

"வேற எது வேணாலும் கேளு. இடி வேணுமா? இந்தா, வச்சுக்கோ."

"இடியை வச்சு நான் என்ன பண்ண? மாவு இடிக்கவா?"

போயே போய்விட்டாள். ஸ்டிக்ஸ் என்றால் விளையாட்டில்லை. பாதாளத்தில் ஓடுகிற அந்த ஆற்றின் மேல் சத்தியம் செய்துவிட்டு மீறினால், தேவனாக இருந்தாலும் மூச்சு நின்று கட்டையாய்க் கிடக்க வேண்டியதுதான். அந்தச் சத்தியத்தைப் பெண்டாட்டிக்குச் செய்தால் அப்புறம் நான் என்ன ராஜா?

ஆனால் வீடு வீடாக இல்லை. அமுதம் கழுநீர் மாதிரி இருந்தது. திட்ட ஆளில்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மழையில் நனைந்த குயிலாக அவள் மடியில் விழுந்து கல்யாணம் பண்ணிக்கொண்டவன் நான். அவள் வேண்டும். சத்தியம் மட்டும் வேண்டாம்.

அப்போதுதான் ஹெர்மிஸ் வந்தான். என் மகன். ஹீராவுக்குப் பிறந்தவன் இல்லை, வேறு ஒருத்திக்கு. பிறந்த அன்றைக்கே அண்ணனுடைய மாடுகளைத் திருடிய மூளைக்காரன்.

"அப்பா, பெரியம்மாவுக்கு வயிறு எரியணும். இன்னொரு கல்யாணம் பண்ணிக்கோங்க."

"அடப்பாவி! இருக்கறது போதாதா?"

"நிஜப் பொண்ணு இல்லப்பா. ஓக் மரத்துல ஒரு கட்டை. கல்யாணத் துணி சுத்தி, முக்காடு போட்டு, மாட்டு வண்டியில ஊர்வலம் விடுவோம்."

"அவளா ஏமாறுவா?"

"அதோட அவங்க கேட்ட அதே சத்தியத்தை ஊரறிய இந்த முக்காட்டுக்காரிக்குப் பண்ணுங்க. எனக்கு மாட்டேன்னவர் இவளுக்குப் பண்றாரான்னு ஓடி வருவாங்க பாருங்க."

"சத்தியத்தை மீற முடியாதேடா!"

"கட்டைக்கு வாய் ஏதுப்பா? அது என்ன சொல்லப் போகுது, நீங்க மீறுறதுக்கு?"

அடடா! யார் மகன்! கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தேன்.

கித்தேரோன் மலையடிவாரத்தில் பிளாட்டியா ஊரே திரண்டுவிட்டது. குழல் ஊதினார்கள். பெண்கள் கல்யாணப் பாட்டுப் பாடினார்கள். மணப்பெண்ணை அலங்கரிக்கப் போன ஹெர்மிஸ் ஆடி அசைந்து வண்டியோடு வந்தான். மாடுகளுக்கு நுரை தள்ளியது. ஓக் கட்டை கனக்கத்தானே செய்யும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வண்டியில் ஏறி, மணப்பெண் பக்கத்தில் நின்று முழங்கினேன். "இந்த முக்காட்டுக்குள்ள இருக்கறவ பேச்சை இனிமே நான் மீறமாட்டேன்! ஸ்டிக்ஸ் மேல சத்தியம்!"

முக்காடு தும்மியது.

"டேய் ஹெர்மிஸ்! கட்டை தும்முதுடா!"

"புழுதிப்பா."

"புழுதி பட்டா கட்டை தும்முமா?"

"டோடோனா கோயில்ல உங்க ஓக் மரம் பேசவே பேசுதே. இது தும்மக் கூடாதா?"

நியாயம்தான். ஆனால் டோடோனாவில் மரத்துக்குள்ளிருந்து பேசுவது நான். அப்படியானால் இப்போது தும்மியதும் நானா? மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். ஒன்றும் புரியவில்லை.

ஹீராவைக் காணோம். யூபோயாவிலிருந்து வரும் பாதையில் ஒரு ஆடு மட்டும் மேய்ந்தது. ஒருவேளை அவள்தான் ஆடாகி வந்திருக்கிறாளோ? ஓடிப்போய் உற்றுப் பார்த்தேன். ஆடேதான். வண்டிக்குத் திரும்பி வந்தேன். பொறாமைப்படக்கூட வரவில்லையென்றால், அவளுக்கு நான் வேண்டவே வேண்டாமா? அவள் வயிறு எரிய வேண்டிய இடத்தில் என் வயிறு எரிந்தது.

"நிஜமாவே என்னைக் கைவிட்டுட்டாளாடா?" என்றேன். சொல்லும்போது அழுகையே வந்துவிட்டது.

"யாரைத் தேடறீங்க?" என்றது முக்காடு.

ஒரு கை வெளியே வந்து துணியை விலக்கியது. ஹீரா!

"நீயா? அப்ப கட்டை எங்கே?"

"எனக்குப் பின்னாடி கிடக்கு. வீட்டுக்குப் போனா அடுப்புக்கு ஆகும்."

நான் ஹெர்மிஸைப் பார்த்தேன். அவன் வானத்தைப் பார்த்தான்.

"டேய், இது உன் யோசனைதானேடா?"

"வாய்தான் என்னுதுப்பா. யோசனை பெரியம்மாவோடது."

தலை கிறுகிறுத்தது. இருந்தாலும் அவள் வந்துவிட்டாள். நான் நினைத்தது நடந்துவிட்டது. அப்படியென்றால் ஜெயித்தது நான்தானே? பிறகு ஊரே ஏன் என்னைப் பார்த்துச் சிரிக்கிறது?

"சரி, வா. வீட்டுக்குப் போகலாம்."

"மாடு பாவம், களைச்சுப் போச்சு. அவிழ்த்து விடுங்க."

அவிழ்த்து விட்டேன். சத்தியமாச்சே!

"மலை ஏறணுமே. வண்டியை யாரு இழுக்கறது?"

"அதானே! யாரு இழுக்கறது?" என்று நானும் தாடையைத் தடவியபடி யோசித்தேன்.

"உங்களுக்கா தெரியாது? கடற்கரையில ஒரு வெள்ளை எருது நடந்துச்சாமே. நல்ல லட்சணமாம். அதை வரச் சொல்லுங்க."

நுகத்தடி கழுத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது.

"போகலாமாங்க?" என்றாள் ஹீரா, வண்டியில் சாய்ந்துகொண்டு.

'சரிம்மா' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். 'ம்மா' மட்டும்தான் வந்தது.