ஆகாயத்தில் ஒரு பல் டாக்டர்

"இந்தப் பெட்டி இல்லாம இனி தரையை விட்டு ஒரு முழம்கூட எழும்பக் கூடாது" என்றார் விமான ஆய்வாளர்.

பல் டாக்டர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் தன் கையாலேயே கட்டிய குட்டி விமானம் அது. ஒருவர்தான் உட்காரலாம், அதுவும் தொந்தியை எக்கிக்கொண்டு. 'விமானமா, நானா?' என்று மனைவி கேட்ட அன்றே அதை விற்றுவிட்டதாகச் சொல்லியிருந்தார். ஞாயிறு காலையில் அவர் நடைப்பயிற்சிக்குப் போவதாகத்தான் வீட்டில் நம்பிக்கை.

"பெட்டி என்ன செய்யும்?"

"நீங்க எங்க, எவ்வளவு உயரத்துல பறக்குறீங்கன்னு சொல்லிக்கிட்டே இருக்கும்."

"யார்கிட்ட?"

"கண்ட்ரோல் டவர்கிட்ட, மத்த விமானங்ககிட்ட. செல்போன்ல யார் வேணாலும் பார்க்கலாம்."

யார் வேண்டுமானாலும் என்றால் மச்சானும்தான். வேலைவெட்டி இல்லாமல் போனில் விமானம் பார்ப்பதே அவன் பிழைப்பு. அவனுக்குத் தெரிந்தால் அக்காவுக்குத் தெரிந்த மாதிரி.

பெட்டியை மாட்டினார். மேலே போனதும் நைசாக அணைத்தார். ரேடியோ உடனே கரகரத்தது.

"உங்களைத் திரையில காணோமே. விழுந்துட்டீங்களா?"

"இன்னும் இல்ல சார்."

"அப்போ பெட்டியைப் போடுங்க."

அடுத்த வாரம், மச்சானுக்கு அடையாளம் தெரியாமலிருக்க, பெட்டியில் பதிந்திருந்த விமானப் பெயரையே மாற்றினார். மாற்றும்போது 'விமான வகை' என்ற இடத்திலும் விரல் பட்டுத் தொலைத்தது. அவர் எழும்பியதுதான் தாமதம், இரண்டு பெரிய விமானங்கள் பதறிப்போய் வழிவிட்டன.

"கனரக விமானம், எத்தனை பயணிகள்?" என்றது டவர்.

டாக்டர் திரும்பிப் பார்த்தார். பின்னால் ஒரு தண்ணீர் பாட்டில்தான் இருந்தது.

"யாரும் இல்ல சார்."

"யாரும் இல்லையா? அவ்வளவு பேரும் எங்க?"

"இது சின்ன விமானம் சார். நான் பல் டாக்டர்."

ரேடியோ மறுபடி கரகரத்தது.

"பல்லைக் கடிச்சுக்கிட்டு உடனே கீழ இறங்குங்க."

இறங்கினார். பெட்டியைப் போட்டால் மச்சான், அணைத்தால் டவர். பாம்பென்று தாண்டவும் முடியவில்லை, பழுதென்று மிதிக்கவும் முடியவில்லை. கொட்டகை வாசலில் மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். டாக்டர் அவரைத் தனியே இழுத்துப் போனார்.

"அண்ணே, உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன். நான் இங்க வர்றது என் வீட்டுல மட்டும் தெரியக் கூடாது."

மெக்கானிக் சலிப்போடு தலையாட்டினார்.

"சரி டாக்டர். புதன்கிழமைதோறும் இதே விமானத்துல ஏறிப் பறக்குற உங்க வீட்டுக்காரம்மாவும் இதையேதான் சொல்லிவெச்சிருக்காங்க."