நடுமூளைச் சித்தரும் வெண்கல மணியும்

உலகத்தில் காது கேளாதவர் என்று ஒருவரும் கிடையாது; டோபமைன் தூங்கிக்கொண்டிருப்பவர்கள்தான் உண்டு. இந்தப் பேருண்மையை மலைமேல் ஆலத்தூர் நாட்டில் ஒரு தகரக் கொட்டகையில் அமர்ந்து மனிதகுலத்துக்கு வழங்கியவர் நடுமூளைச் சித்தர். மூன்று வருடத்துக்கு முன்பு வரை அவர் பெயர் முரளி. அதற்கு முன் இருபது வருடம் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டினார். டோபமைன் என்னும் மூளை ரசாயனம் அவருக்கு யூடியூபில் காட்சி கொடுத்தது.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் ரோடு வரை நின்றது. வைத்தியம் எளிது. காதில் இரண்டு சொட்டு மிளகுத் தைலம். பிறகு முகத்துக்கு நேரே ஒரு வெண்கல மணியை ஆட்டி, "கேக்குதா?" என்பார் சித்தர். எரிகிற காதோடு எவன் "கேக்கலை" என்று சொல்லி மூன்றாவது சொட்டை வாங்குவான்? ஊரே கைதட்டும்.

நிபந்தனை ஒன்றுதான். காது மிஷினைக் கழற்றிக் கூடையில் போட்டுவிட வேண்டும்.

"அது பிளாஸ்டிக் பொய்! மாட்டுறவன் தன் மூளைக்கே துரோகி!"

கூடை பாதி நிறைந்திருந்தது. அதில் ஒன்று டெம்போ ஓட்டும் சின்னராசுவுடையது. மலையிலிருந்து இறங்க எழுபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் ஹாரன் அடித்து, கீழிருந்து பதில் ஹாரன் வருகிறதா என்று காது கொடுத்த பிறகே திருப்புவார்கள். முந்தாநாள் முப்பத்தேழாவது வளைவில் சின்னராசு காது கொடுத்தார். ஒன்றும் வரவில்லை. திருப்பினார். வந்தது பஸ். நல்லவேளை, பக்கக் கண்ணாடியோடு போயிற்று.

"பஸ்காரன் மூணு தடவ அடிச்சானாமுங்க," என்றாள் அவர் மனைவி கண்ணாயி. "மிஷின மாட்டுங்கன்னா, எனக்குத்தான் மணி கேக்குதேங்கறாரு. நாளைக்கு மறுபடி லோடு ஏத்தறாரு கண்ணு."

கேட்டுக்கொண்டிருந்தவள் காமிலா. மலையடிவாரப் பேளுக்குறிச்சியில் மிளகு வாங்கி விற்கும் முஜீப்பின் மகள். காதுகளைப் பரிசோதிக்கும் படிப்பில் மூன்றாம் வருடம். நேரே போய்ச் சித்தர் முன் நின்றாள்.

"ஏனுங்க, டோபமைன் நடுமூளையில என்ன பண்ணுதுங்க?"

"தூங்கும். எழுப்பினா காது கேக்கும்."

"எலிங்கள வெச்சுப் பாத்திருக்காங்க. சத்தம் நடுமூளை வழியாப் போறப்ப, எது பழகினது, எது எதிர்பாராததுன்னு பிரிக்கிற வேலையில அதுக்கும் ஒரு பங்கு இருக்குது. ஆனா உங்க தைலம் செவிப்பறையவே தாண்டாதே. மூளைக்கு எப்படிப் போச்சு, பஸ்லயா?"

அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்த சித்தர், கூட்டம் சிரித்ததும் தானும் சிரித்தார்.

"சந்தேகம்னா நீயே ஆட்டிப் பாரு சாமி!"

காமிலா மணியை வாங்கினாள். முதுகைக் காட்டி நின்று, அதற்குள் கைக்குட்டையைத் திணித்தாள். திரும்பி, தேர் இழுக்கிற வேகத்தில் ஆட்டினாள்.

"கேக்குதுங்க!" என்றார்கள் தைலம் வாங்கிய ஏழு பேரும். "நல்லாக் கேக்குது!" என்றார் சின்னராசு. பின்னால் நின்ற நல்ல காதுக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஆகா, என்ன கணீர்!" என்றார் சித்தர்.

காமிலா மணியைக் கவிழ்த்துக் கைக்குட்டையை உருவினாள். அதை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினாள்.

"ஆட்டறதக் கண்ணால பாத்தீங்க அண்ணா, காதுல கேக்கல," என்று சின்னராசுவின் காதருகே கத்தினாள். "கண்ண மூடிக்குங்க. மணி அடிச்சாக் கையத் தூக்குங்க."

அவர் முதுகுக்குப் பின்னால் மூன்று முறை அடித்தாள். ஒரு குழந்தை விழித்து அழுதது. ரோட்டில் நாய் குரைத்தது. சின்னராசு கண்ணை மூடியபடியே கேட்டார்:

"எப்பக் கண்ணு அடிப்பே?"

கண்ணாயி கூடையைக் கவிழ்த்தாள், அவருடைய மிஷினைத் தேடியெடுத்தாள், காதில் மாட்டினாள். அப்புறம்தான் பேசினாள். மிஷினில் அவர் கேட்ட முதல் சொற்கள் அச்சில் ஏறத் தகுந்தவை அல்ல.

மற்றவர்களும் கூடையில் பாய்ந்தார்கள். சித்தரின் பரம்பரையை மூன்று தலைமுறை வரை விசாரித்துவிட்டுக் கலைந்தார்கள். படியிறங்கியபடியே காமிலா சொன்னாள்: "காதுக்கு மிஷின் உண்டுங்க. யோசிக்காத தலைக்கு எந்தக் கடையிலயும் கிடையாது. இருக்கற தலையத்தான் ஓட்டிப் பாக்கோணும்."

அவள் முதுகைப் பார்த்து விழித்தார் சித்தர். "என்ன சொன்னே?"

மறுபடி சொன்னாள். அதுவும் எட்டவில்லை. சித்தர் சுற்றுமுற்றும் பார்த்தார். ஜோல்னாப் பைக்குள்ளிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தார். உள்ளே, பிடித்துப் பிடித்து ஓரம் தேய்ந்த ஒரு பிளாஸ்டிக் பொய். பழகிய கையால் மாட்டிக்கொண்டார்.

"ம், இப்பச் சொல்லு."